டூஸான் லூவெர்துர்: அடிமைத் தளையறுத்த தளகர்த்தர்

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஹிஸ்பானியோலாவின் மேற்குப் பாகத்தில் ஹைட்டி என்னும் சிறு குடியரசு இருக்கிறது. அடிமைகள் ஆயுதமேந்தித் தங்கள் தளைகளைத் தாங்களே அறுத்தெறிந்து ஒரு ராஜ்யத்தை ஸ்தாபித்தது உலக சரித்திரத்தில் இந்த ஒரு நாட்டில்தான். அம்மகத்தான காரியத்திற்கு அஸ்திவாரமிட்டவர் டூஸான் லூவெர்துர். ஆயினும் கட்டடம் எழும்பியதைக் கண்ணால் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. அது ஏன் என்று ஆராய்வது, விடுதலையில் நாட்டமுள்ள எவருக்கும் பயன் தருவதாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாடு ஸேன் டொமிங் என்ற பெயருடன் பிரான்ஸின் ஆதீனத்தில் இருந்தது. ஐரோப்பா உபயோகித்த சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கும், காப்பியில் பாதிக்கு மேலும் அங்கிருந்தே சென்றன. 1789-ல் அங்கே சுமார் 30,000 வெள்ளையரும், ஏறத்தாழ அதே தொகையினரான அடிமைகளல்லாத கலப்பினத்தாரும் கறுப்பரும், ஐந்து லக்ஷத்தை நெருங்கிய அடிமைகளும் வசித்தனர். கரும்புத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு மிகுதி. ஆதலால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர் கப்பலேற்றிக் கொணரப்பட்டனர். 1685-ல் பதினான்காம் லூயி மன்னன் பிறப்பித்த சட்டம் அடிமையை அசையும் சொத்தாக வகுத்திருந்தது. எஜமானரின் கொடுமைக்கு அதே சட்டம் விதித்த சில வரம்புகளோ, தோட்டங்களில் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தன.

டூஸான் சுமார் 1743-ல், வடபகுதித் துறைமுகமான கேப் பிரான்ஸேக்கு அருகிலுள்ள ப்ரெடா தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தார். கால்நடைகளைப் பராமரிப்பதிலும், குதிரைகளைப் பழக்குவதிலும், மூலிகை வைத்தியத்திலும் தேர்ந்தவர். எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டவர். தோட்ட நிர்வாகியின் நம்பிக்கைக்குப் பாத்திரமாகி வண்டியோட்டியாக அமர்ந்தார். 1776-க்குள் அவர் விடுதலை பெற்றுவிட்டதாகப் பழைய தஸ்தாவேஜுகளால் தெரிகிறது. பின்னர் அவர் ஒரு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதிலிருந்த அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கியதும் உண்டு. பெரியோரின் வரலாற்றில் இத்தகைய செய்திகளை மறைப்பது சரித்திரத்திற்குச் செய்யும் துரோகமாகும்.

1789-ல் பாரீஸ் நகரில் மனித உரிமைகள் பிரகடனம் செய்யப்பட்டன. ஆனால் கரும்புத் தோட்டத்து மனிதனுக்கு அவ்வுரிமைகள் உண்டா என்ற கேள்விக்குப் பிரதிநிதிகள் மறுமொழி கூறவில்லை. 1791 ஆகஸ்டில் வடபகுதி அடிமைகள் கிளர்ந்தெழுந்து அம்மறுமொழியைத் தாங்களே எழுதினர். நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தீக்கிரையாயின. ஐம்பது வயதை நெருங்கிய டூஸான், தம்மை ஆதரித்த நிர்வாகியின் மனைவியைப் பத்திரமான இடத்திற்கு அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரருடன் கலந்தார். ஒழுங்கற்ற கூட்டத்தைக் கட்டுப்பாடுள்ள ஸைன்யமாக மாற்றியது அவர் முதற் சாதனை. திறப்பு என்று பொருள்படும் லூவெர்துர் என்ற பெயரை 1793-ல் தரித்துக்கொண்டார்.

முதலில் அவர் தீவின் கீழ்ப்பாகத்தை ஆண்ட ஸ்பானியருடன் சேர்ந்து பிரான்ஸை எதிர்த்தார். 1793 ஆகஸ்டில் பிரஞ்சுக் கமிஷனர் ஸோந்தொனாக்ஸ் வடபகுதி அடிமைகளை விடுவித்தார். 1794 பிப்ரவரி 4-ந் தேதி பாரீஸ் தேசீய மகாசபை பிரஞ்சு நாடுகள் அனைத்திலும் அடிமைத்தனத்தை ஒழித்துத் தீர்மானித்தது. அவ்வாண்டே டூஸான் பிரஞ்சுக் குடியரசின் பக்கம் திரும்பினார். தோட்ட முதலாளிகளின் அழைப்பின் மேல் 1793-ல் வந்திறங்கிய ஆங்கிலப் படை, போரிலும் மஞ்சள் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்து, 1798-ல் அவருடன் உடன்படிக்கை செய்துகொண்டு வெளியேறிற்று. தென்பகுதியை ஆண்ட ரிகோவை 1800-ல் கொடிய உள்நாட்டு யுத்தத்தில் வென்றார். 1801 ஜனவரியில் தீவு முழுதும் அவர் கைக்கு வந்தது.

அவ்வாண்டு ஜூலையில் அவர் வெளியிட்ட அரசியல் சட்டம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அடிமைத்தனம் என்றென்றைக்கும் ஒழிக்கப்பட்டது. நிற பேதமின்றி எல்லா உத்தியோகங்களும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. ஆனால் அதே சட்டம் டூஸானை ஆயுட்கால கவர்னராக்கி, தமக்குப் பின் வருபவரை நியமிக்கும் உரிமையையும் அவருக்கே அளித்தது. ஆயுதம் வாங்கப் பணம் வேண்டும். பணத்திற்குச் சர்க்கரையும் காப்பியும் ஏற்றுமதியாக வேண்டும். இவ்வெண்ணத்தால் அவர் உழைப்பாளரைப் பழைய தோட்டங்களிலேயே நிறுத்தி, பட்டாளத்தாரின் மேற்பார்வையில் வேலை வாங்கினார். சவுக்கு போயிற்று, கூலியாக விளைச்சலில் ஒரு பங்கு வந்தது. ஆனால் தோட்டத்தை விட்டுப் போகும் உரிமை இல்லை. தனக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டுமென்பதே குடியானவனின் கனவு. 1801 அக்டோபரில் வடபகுதியில் மூண்ட கலகத்திற்குக் காரணமானவரென்று, தம் மகன்போல் கருதிய மொயீஸ் என்ற தளகர்த்தருக்கே அவர் மரண தண்டனை விதித்தார். அந்நாள் முதல் ஜனங்களுக்கும் தலைவருக்கும் இடையே ஒரு பிளவு உண்டாயிற்று.

அச்சமயத்தில்தான் நெப்போலியன் தன் மைத்துனன் லெக்லெர் தலைமையில் 20,000-க்கு மேற்பட்ட ஸைன்யத்தை அனுப்பினான். 1802 பிப்ரவரியில் கிறிஸ்தோப் என்ற தளபதி கேப் நகரத்தைத் தீக்கிரையாக்கிவிட்டு மலைகளுக்குப் பின்வாங்கினார். மூன்று மாதம் கடும்போர் நடந்தது. தளபதிகள் ஒவ்வொருவராகப் பகைவருடன் ஸமாதானம் செய்துகொள்ளவே, மே மாதத்தில் டூஸானும் வாக்குறுதிகளை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தார். ஜூன் 7-ந் தேதி, ஆலோசனைக்கென்று அழைக்கப்பட்டுச் சென்றவர் வஞ்சகமாகக் கைது செய்யப்பட்டார். விசாரணையின்றி, தீர்ப்பின்றி, ஜூரா மலையிலுள்ள ஜூ கோட்டையின் குளிர்ந்த அறையில் அடைக்கப்பட்டு, 1803 ஏப்ரல் 7-ந் தேதி அங்கேயே மாண்டார்.

தலைவரைச் சிறையிட்டால் கிளர்ச்சி அடங்குமென்று எண்ணியவர் ஏமாந்தனர். குவாடலூப் தீவில் பிரஞ்சுக்காரர் அடிமைத்தனத்தை மீண்டும் நிலைநாட்டிய செய்தி எட்டியதும், ஜனங்கள் திரண்டெழுந்தனர். லெக்லெர் 1802 நவம்பரில் மஞ்சள் காய்ச்சலுக்கு இரையானான். டெஸ்ஸலீன் தலைமையில் 1803 நவம்பர் 18-ந் தேதி வெர்த்தியேர் போரில் பிரஞ்சுப் படை முறியடிக்கப்பட்டது. 1804 ஜனவரி 1-ந் தேதி, தீவின் பூர்வ குடிகள் வழங்கிய ஹைட்டி என்ற பெயரால் ஸ்வதந்திரம் பிரகடனமாயிற்று.

அதன் பின்னும் பகை ஓயவில்லை. 1825-ல் பத்தாம் சார்ல்ஸ் மன்னன் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய முதலாளிகளின் நஷ்டத்திற்கு 15 கோடி பிராங்கு கேட்டான். 1838-ல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அத்தொகைக்காகப் பாரீஸ் பாங்கிகளில் கடன் வாங்கி, அக்கடனுக்கு வட்டி கொடுத்து, அதன் தொடர்ச்சியான கடன்களை 1947 வரையில் அந்நாடு அடைத்தது. பீரங்கியின் முன் கையெழுத்தான பத்திரத்தை எந்த நியாயஸ்தலமும் ஒப்பந்தமென்று ஏற்காது. திருடப்பட்டவனே திருடனுக்கு ஈடு செலுத்திய இக்கணக்கை ஆராய, இரு நாட்டுச் சரித்திராசிரியரடங்கிய கமிஷன் ஒன்றை அமைப்பதாகப் பிரஞ்சு ஜனாதிபதி 2025 ஏப்ரலில் அறிவித்தார். ஹைட்டியின் இன்றைய வறுமையைக் கண்டு அதன் ஜனங்களைப் பழிப்போர், முதலில் இக்கணக்கைப் பார்ப்பார்களாக.

டூஸானின் வீரத்திலும் ராஜதந்திரத்திலும் குறை காண இயலாது. பாரீஸ் சபை தீர்மானத்தால் தந்த விடுதலையை நெப்போலியன் மற்றொரு தீர்மானத்தால் பறிக்க முயன்றான். அது முடியாமற் போனதற்குக் காரணம், அதைப் பெற்ற ஜனங்கள் அதற்காக உயிரையும் கொடுக்கத் துணிந்ததே. அந்த ஜனங்களிடம் உறுதியான நம்பிக்கை வைக்க வேண்டிய வேளையில், டூஸான் தோட்டத்தின் வருமானத்தையும் பகைவனின் வாக்கையும் நம்பினார். சிறைக்குள் அவர் செலுத்திய விலை அது. ஆயினும் மலைகளில் அவர் பழக்கிய படையே பின்னர் நாட்டை மீட்டது. ஆதலால் வெற்றியின் முதற் பங்கு அவருக்கே உரியது.