சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

நோய்க்கு மருந்து உண்டு. ஆனால், அந்த மருத்துவம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளுமானால், மனத்தின் சோர்வுக்கு மருந்து எது? இக்கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது.

என் ஊர் சித்தூர். பயில்வது திருப்பதியில், திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில். என் அன்னைக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை முடிந்து, கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியது. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். மூன்றாம் வாரத்தில் அம்மா தளர்ந்துவிட்டார். நாள் தவறாமல் செபிப்பவர்தாம். இருந்தும், சிகிச்சை போதும், ஊருக்குப் போய்விடலாம் என்றார். அன்றிரவு அவருக்கு நான் சொன்னது, அதே மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸின் வரலாறு. அதையே இங்கு எழுதுகிறேன்.

மேரி 1925-ஆம் ஆண்டு கொச்சியில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். வேலூரில் மருத்துவம் பயின்று, அங்கேயே பணியில் அமர்ந்தார். 1954-இல் அவர் நண்பர்களுடன் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் பெருங்காயம், முதுகுத்தண்டு சிதைந்தது, இடுப்புக்குக் கீழ் உணர்வே இல்லை. முப்பது வயதும் நிறையாத இளமருத்துவர் ஒரே நாளில் நோயாளியானார்.

அறுவைகள் நடந்தன, படுக்கையில் மாதங்கள் கழிந்தன. மீண்டும் நடக்கவேண்டும் என்று அவர் வேண்டினார், அது நிறைவேறவில்லை. இங்கேதான், நண்பர்களே, அவருடைய நம்பிக்கையின் தன்மையை நாம் உணரவேண்டும். இழந்ததைக் கேட்பதோடு அவர் நின்றுவிடவில்லை. எஞ்சியதை இறைவன் பணிக்கு ஒப்படைத்தார். எஞ்சியவை இரு கைகள்.

தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தும் பணியை அந்நாளில் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் நடத்திவந்தார். அதை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவர் ஊக்கினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவைக் கத்தியை ஏந்தினார். நடக்க இயலாதவர் பிறர் கைகளுக்கு இயக்கம் தந்தார்!

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சை பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூர் திரும்பி, அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. முதுகுத்தண்டு முறிந்து வந்தோர்க்கெல்லாம், நாற்காலியில் வந்த மருத்துவரே முதல் மருந்தானார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார். அந்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேரிக்கு வந்தது புற்றுநோய் அன்று. ஆயினும், முடிவு தெரியாமல் நீளும் சிகிச்சையின் வேதனை இருவருக்கும் ஒன்றுதானே? அம்மா வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை எனக்கு முன்பே புறப்பட்டு நின்றார். கதிர்வீச்சு அறைக்கு வெளியே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்து, அவள் கையைப் பற்றிக்கொண்டு தெலுங்கில் ஏதோ பேசினார்.

ஐந்து வாரமும் முடிந்தன. மாத்திரையும் சோதனையும் இன்னும் சில ஆண்டுகள் தொடரும். நோய் திரும்புமா, திரும்பாதா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை, அம்மாவும் கேட்பதில்லை. ஆனால், வேலூருக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும், காத்திருப்போருக்கென்று பையில் நாலு பழம் கூடுதலாக எடுத்து வைக்கிறார். பொறுமை என்பது வாளா காத்திருப்பது அன்று என்பதை நான் மேரியின் வாழ்விலே படித்தேன். என் அன்னையிடத்திலே கண்டேன்.