பெஞ்சமின் பிராங்க்ளின்: அங்கீகாரம் பெறாத தூதர்

மேனாட்டுச் சரித்திரம் பயின்ற நம் சங்கத்து அன்பர்கள் பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் பெயரை அறியாதிருக்கமாட்டார்கள். இடிதாங்கியைக் கண்டவர் என்றே பலரும் அவரைப் போற்றுவர். தமது 70-ஆம் வயதில் அவர் மேற்கொண்ட தூதுத் தொழிலோ நம்மவருள் அதிகம் பேசப்படுவதில்லை. அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

1706-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்ற ஒருவரின் 17 மக்களுள் 15-ஆமவராகப் பிறந்தார். தமையனாரிடம் அச்சுத் தொழில் பயின்று, 17-ஆம் வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போய், தம் முயற்சியால் உயர்ந்தார். பின்னர்ப் பல்லாண்டுகள் லண்டனில் அமெரிக்கக் குடியேற்றங்களின் காரியஸ்தராயிருந்தார். 1774-இல் பிரிவி கவுன்சில் சபையில் பலர் முன்னிலையில் நிந்திக்கப்பட்டபோது, ஒரு மறுமொழியும் கூறாது அசையாமல் நின்றார். அன்று அவர் அணிந்திருந்த வெல்வெட் அங்கியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

நிற்க. 1776 ஜூலையில் 13 குடியேற்றங்களும் சுதந்தரப் பிரகடனம் செய்தன. பிரகடனம் செய்தனவேயன்றி, போதிய வெடிமருந்தில்லை, பொருளில்லை, பெயர் சொல்லத்தக்க கடற்படையுமில்லை. ஆதலின் காங்கிரஸ் சபையார் பிராங்க்ளின், சிலாஸ் டீன், ஆர்தர் லீ ஆகிய மூவரையும் பிரான்ஸ் தேசத்துக்குத் தூதராக நியமித்தனர். பிராங்க்ளின் கப்பலேறியபோது அவருடைய புதல்வர் வில்லியம் காவலிலிருந்தார். அவர் நியூஜெர்சியில் ஆங்கில அரசரின் கவர்னர்; அரசர் பக்கமே நின்றவர். அவருடைய மைந்தனைத்தான் கிழவர் தம் காரியதரிசியாக உடனழைத்துச் சென்றார்.

1776 டிசம்பரில் பாரிஸ் சேர்ந்த கிழவரை எவ்வாறு ஏற்பது? கலகம் செய்த குடிகளின் தூதரை அரசன் வெளிப்படையாக ஏற்பின், அக்குடிகளைத் தனி அரசாக ஒப்பியதாகும். இங்கிலாந்தோடு யுத்தம் வரும். 1763-இல் கானடாவை இழந்த பிரான்ஸுக்குப் பழிதீர்க்கும் எண்ணம் மிகுதியே. எனினும் கப்பற்படை ஆயத்தமாகவில்லை. ஆகவே வெளிநாட்டு மந்திரி வெர்ஜேன் தூதரை இரகசியமாகவே சந்தித்தார். ஆங்கில ஸ்தானாபதி ஸ்டார்மாண்ட் பிரபு ஓயாது ஆட்சேபிப்பார். மந்திரி ஒன்றுமறியாதவர் போல் சமாதானம் கூறுவார். மறைவில் 20 லட்சம் லீவர் நாணயம் அமெரிக்கருக்குத் தவணை முறையில் சென்றுகொண்டிருக்கும். இராஜதந்திரம் என்பது இதுவே போலும்!

பிராங்க்ளின் அரண்மனைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. பாரிஸை அடுத்த பாஸி என்னுமூரில் தங்கி, பொய்மயிர்த் தொப்பி தரியாது, மென்மயிர்த் தோலாலான குல்லாயுடன் உலாவினார். அவ்வெளிமை இயல்போ உபாயமோ என்று வினவுவார்க்கு, இரண்டுமே என்பது எம் கருத்து. அரசன் ஏற்குமுன் ஜனங்கள் அவரை ஏற்றுக்கொண்டனர். மோதிரங்களிலும் பொடிடப்பிகளிலும் அவர் உருவம் விளங்கிற்று. ஆனால் அவர் வீட்டிலேயே வஞ்சகமிருந்தது. நம்பிக்கைக்குரிய எட்வர்ட் பாங்கிராப்ட் என்பவர் ஆங்கிலேயரின் ஒற்றர். அவர் எழுதிய செய்திகள் புட்டியிலிடப்பட்டு, டூலரி தோட்டத்து மரப்பொந்து வழியாக ஸ்டார்மாண்டை அடைந்தன. நூறாண்டு கழிந்தே இது வெளிப்பட்டது.

1777 அக்டோபர் 17-ஆம் தேதி சாரடோகாவில் ஆங்கிலத் தளபதி பர்காயின் தம் சேனையுடன் சரணடைந்தார். டிசம்பரில் செய்தி எட்டியதும் பிரெஞ்சு மந்திரியே பேச்சைத் தொடங்கினார். அப்பொழுதும் தாமதம் கண்ட பிராங்க்ளின், 1778 ஜனவரி 6-ஆம் தேதி, ஆங்கிலேயர் அனுப்பிய பால் வென்ட்வொர்த்துடன் நெடுநேரம் உரையாடினார். அதில் ஒன்றும் முடிவாகவில்லை. முடிவாக வேண்டுமென்று அவர் விரும்பவுமில்லை. அமெரிக்கர் இங்கிலாந்தோடு சமாதானம் செய்துகொள்வரோ என்ற அச்சம் வெர்ஜேனுக்கு உண்டாயிற்று, அதுவே போதுமானதாயிற்று. மறுநாளே அரசரின் மந்திராலோசனையில் உடன்படிக்கைக்கு இசைவு கிடைத்தது. பிப்ரவரி 6-ஆம் தேதி கையொப்பமிடச் சென்றபோது அவர் பழைய அந்த வெல்வெட் அங்கியையே அணிந்திருந்தாரென்பர். மார்ச் 20-ஆம் தேதி 16-ஆம் லூயி மன்னர் அவரை வெளிப்படையாக வரவேற்றார். ஸ்டார்மாண்ட் தாயகம் திரும்பினார்.

இதன் விளைவு நம் கரையையும் தொட்டது. இரு தேசத்துக்கும் மூண்ட பகையால், அவ்வாண்டு அக்டோபரில் புதுச்சேரி முற்றுகையிடப்பட்டு ஆங்கிலேயர் வசமாயிற்று.

எல்லாத் தூதருக்கும் இப்பேறு கிட்டவில்லை. பெர்லின் சென்ற ஆர்தர் லீயும், மாட்ரிட் சென்ற ஜான் ஜேயும் தூதராக ஏற்கப்படாமலே காத்துத் திரும்பினர்.

1783-இல் சமாதான உடன்படிக்கையும் முடித்து, 1785-இல் ஊர் திரும்பும் வழியில் சௌதாம்ப்டன் துறைமுகத்தில் பிராங்க்ளின் தம் புதல்வரைக் கண்டார். கணக்குவழக்குகளைத் தீர்த்துக்கொண்டு இருவரும் பிரிந்தனர், அதன்பின் சந்திக்கவில்லை. 1790 ஏப்ரல் 17-ஆம் தேதி அவர் காலமானார். மரணசாஸனத்தில் தம்மை முதலில் அச்சுத் தொழிலாளர் என்றும், பின்னரே தூதர் என்றும் குறித்திருந்தார். புதல்வருக்கோ நோவாஸ்கோஷியாவில் பயன் குறைந்த நில உரிமையும், முன்னமே அவரிடமிருந்த புத்தகங்களும் காகிதங்களும், பழைய கடன்களின் தள்ளுபடியுமே எழுதிவைத்தார். யுத்தத்தில் எதிர்ப்பக்கம் நின்றதே காரணமென்றும் அதிற் கண்டிருந்தது.