டிராக்டருக்குப் பின்னால் இருக்கும் மூன்று இரும்புக் கைகள்: யார் இந்த ஹாரி ஃபெர்குசன்?

அடுத்த முறை ஒரு டிராக்டரைப் பார்த்தால், முன்பக்கத்தை விட்டுட்டு பின்பக்கம் போய்ப் பாருங்க. கீழே ரெண்டு, மேலே ஒண்ணு என மூன்று இரும்புக் கைகள் இருக்கும். கலப்பையை மாட்டுவது அதில்தான். மஹிந்திராவோ, ஸ்வராஜோ, ஜான் டீரோ, எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் இந்த அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான்.

இதை உலகத்துக்குக் கொடுத்தவர் ஹாரி ஃபெர்குசன். இந்த ஒரு யோசனைக்காக அவர் ஏறக்குறைய 20 வருஷம் உழைத்தார். பிறகு அதை உலகின் மிகப்பெரிய தொழிலதிபர்களில் ஒருவரிடம் வெறும் கைகுலுக்கலை நம்பி ஒப்படைத்தார். அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதுதான் இந்தக் கதை.

ஏர் பிடிக்கப் பிடிக்காத விவசாயி மகன்

ஃபெர்குசன் 1884 நவம்பர் 4-ம் தேதி, இன்றைய வட அயர்லாந்தில் உள்ள க்ரோவெல் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம், வீட்டில் 11 பிள்ளைகள். நிலத்து வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1902-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய சைக்கிள், கார் ரிப்பேர் கடையில் சேர்ந்தார்.

அங்கிருந்து அவர் ஆசை வானத்துக்குத் தாவியது. தானே வடிவமைத்துக் கட்டிய விமானத்தில் 1909 டிசம்பர் 31 அன்று சுமார் 120 மீட்டர் தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணிலிருந்து விமானத்தில் பறந்த முதல் மனிதர் அவர்தான். பிறகு சொந்தமாக ஒரு மோட்டார் கம்பெனி தொடங்கி கார்களும் டிராக்டர்களும் விற்றார்.

டிராக்டர் ஏன் டிரைவரைக் கொன்றது?

முதல் உலகப் போர் சமயத்தில் உணவுத் தட்டுப்பாடு. 1917-ல் டிராக்டர் உழவை மேம்படுத்தும் வேலையை அயர்லாந்து விவசாயத் துறை ஃபெர்குசனிடம் கொடுத்தது. வில்லி சாண்ட்ஸ் என்ற மெக்கானிக்குடன் அவர் ஊர் ஊராகப் போனார். பிரச்னை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றைய டிராக்டர்கள், குதிரை இழுத்த மாதிரியே கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ கட்டி இழுத்தன. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டினால் குதிரை நின்றுவிடும். எஞ்சினுக்கு அது தெரியாது. பின்சக்கரம் நகர முடியாதபோது, சக்கரத்தைச் சுற்றி டிராக்டரே மேலெழும். மூக்கு வானத்தைப் பார்க்க, வண்டி அப்படியே பின்னால் கவிழ்ந்து டிரைவர் மேல் விழும். பலர் இப்படித்தான் உயிரிழந்தார்கள்.

இதைத் தடுக்க வண்டியின் எடையைக் கூட்டலாம். ஆனால் எடை கூடினால் விலை கூடும், எரிபொருள் கூடும், மண்ணும் இறுகும். ஃபெர்குசன் வேறு மாதிரி யோசித்தார். டிராக்டரும் கலப்பையும் இரண்டு பொருள் இல்லை, ஒரே இயந்திரம் என்று எடுத்துக்கொண்டார்.

டிராஃப்ட் கண்ட்ரோல் எப்படி வேலை செய்கிறது?

கீழே உள்ள ரெண்டு கைகள் கலப்பையை இழுக்கின்றன. உழும்போது மண்ணின் எதிர்ப்பால் கலப்பை முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். அதனால் மேலே இருக்கும் கை, அதாவது டாப் லிங்க், டிராக்டரை முன்னால் தள்ளுகிறது. இந்தத் தள்ளுதல் முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. மூக்கு தூக்கும் ஆபத்து இப்படிக் குறைகிறது.

அதோடு முடியவில்லை. டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்கை அழுத்துகிறது. மண் கடினமானால் அழுத்தம் கூடும். உடனே ஹைட்ராலிக் வால்வு திறந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். சுமை குறையும், கலப்பையின் எடையில் ஒரு பங்கு பின்சக்கரத்துக்கு வந்து பிடிமானம் கூடும். மண் இளகினால் கலப்பை தானாக இறங்கும். பாறையில் மோதினால் பின்சக்கரத்தின் மேலிருக்கும் அந்த எடை விடுபட்டு, வண்டி கவிழாமல் சக்கரம் சும்மா சுழலும். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில் இது ஒரு ஃபீட்பேக் சிஸ்டம். இதற்கு அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1925-ல்.

வயலில் இதை எப்படி வைப்பது?

பொதுவாக சீட் பக்கத்தில் ரெண்டு லிவர் இருக்கும். பொசிஷன் லிவர், கருவி எந்த உயரத்தில் நிற்கணும்னு சொல்லும். டிராஃப்ட் லிவர், எவ்வளவு இழுவைச் சுமையைத் தாங்கணும்னு சொல்லும். உழவுக்கு வேண்டியது ரெண்டாவது. வயலின் சராசரியான மண் உள்ள இடத்தில் ஓட்டிக்கொண்டே அதை மெதுவாக இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் நிறுத்தி, அங்கே ஸ்டாப்பரை முடுக்கிடணும். கலப்பை துள்ளினால் ரெஸ்பான்ஸை மெதுவாக்கணும். ஒன்றை மறக்காதீங்க: இது ஒரே சுமையைக் காக்கும், ஒரே ஆழத்தை அல்ல. மண் மாறி மாறி வரும் வயலில் ஆழமும் கொஞ்சம் மாறும்.

கைகுலுக்கலில் முடிந்த ஒப்பந்தம்

1933-ல் கறுப்பு நிறத்தில் முதல் மாதிரி டிராக்டர் தயாரானது. 1936-ல் இங்கிலாந்தின் டேவிட் பிரவுன் கம்பெனியுடன் உற்பத்தி தொடங்கினார். சுமார் 1,350 வண்டிகளோடு அந்தக் கூட்டணி முடிந்தது.

1938 அக்டோபரில் ஒரு டிராக்டரோடு அமெரிக்கா போய், ஹென்றி ஃபோர்டு முன்னால் உழுது காட்டினார். ஃபோர்டு அசந்துபோனார். ஃபோர்டு தயாரிப்பார், ஃபெர்குசன் விற்பார். வக்கீல் இல்லை, பத்திரம் இல்லை, கைகுலுக்கல் மட்டும். 1939-ல் வெளிவந்த அந்த டிராக்டரும் அதன் அடுத்த மாடலும் சேர்ந்து 3 லட்சத்துக்குக் குறையாமல் தயாராகின.

ஆனால் கைகுலுக்கிய கை மாறிவிட்டது. கம்பெனி பேரன் ஹென்றி ஃபோர்டு II கையில் வந்தது. ஒப்பந்தம் முடிகிறது என்று 1946-ல் அறிவித்தார். 1947-ல் ஃபோர்டின் சொந்த டிராக்டர் வந்தது, அதே ஹைட்ராலிக் அமைப்போடு. ஃபெர்குசனுக்கு விற்க வண்டியும் இல்லை, காட்ட ஒரு காகிதமும் இல்லை. காப்புரிமை மட்டும் கையில் இருந்தது.

1948-ல் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நாலு வருஷ இழுபறிக்குப் பின் 1952-ல் கிடைத்த சமரசத் தொகை 92.5 லட்சம் டாலர். கேட்டதில் நாலு சதவீதம்கூட இல்லை. இதற்கிடையே இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான அவரது சாம்பல் நிற டிஇ20 டிராக்டர் சக்கைப்போடு போட்டது. 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்ததும் இந்த டிராக்டர்களில்தான்.

சென்னை வரை வந்த பெயர்

1953-ல் ஃபெர்குசன் தன் கம்பெனியை கனடாவின் மாஸே ஹாரிஸுடன் இணைத்தார். விலைப் பேச்சில் 10 லட்சம் டாலர் இடித்தபோது நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். தோற்றது ஃபெர்குசன். 1960 அக்டோபர் 25-ல் அவர் இறந்தார்.

அதே 1960-ல்தான் சென்னையில் டஃபே தொடங்கப்பட்டது, மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களை இந்தியாவில் தயாரிக்க. இன்று மற்ற கம்பெனிகளின் விளம்பரங்களிலும் ஏ.டி.டி.சி. என்று ஒரு வசதியைப் பார்ப்பீங்க. ஆட்டோமேட்டிக் டெப்த் அண்ட் டிராஃப்ட் கண்ட்ரோல் என்பதன் சுருக்கம் அது. வீட்டுக்கு டிராக்டர் வாங்கும் பேச்சு வந்தால் குதிரைத்திறனோடு இதையும் கேளுங்க. வாங்கின பிறகு, டிராஃப்ட் லிவரை ஒருமுறை வயலில் வைத்துப் பழகச் சொல்லுங்க.