ஓட்டையில் எழுதிய மேதை

எழுத்துக்கூட்டிப் படிப்பது என்றாலே அந்தப் பையனுக்கு வேப்பங்காய். ஒருநாள் ஆசிரியருக்குப் பயந்து, பள்ளிக்கூட ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டானாம்!

அதே பையன்தான், பெரியவனானதும், எந்திரம் படிக்கக்கூடிய ஒரு புதிய எழுத்தை உண்டாக்கினான். அவர்தான் ஹெர்மன் ஹோலரித்.

1860-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி, அமெரிக்காவில் பபலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியில் இருந்து குடியேறியவர்கள். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா கல்லூரியில் படித்து, 1879-ல் என்ஜினீயர் ஆனார். பிறகு ஜனத்தொகைக் கணக்கு இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார்.

தீராத கணக்கு

1880-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஜனத்தொகை 5 கோடி. ஒவ்வொருவரின் வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாவற்றையும் குமாஸ்தாக்கள் கையால் எண்ணினார்கள். முழு விவரமும் வெளிவர 7 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

10 ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு எடுக்கவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஜனத்தொகையோ பெருகிக்கொண்டே போகிறது. ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்து நின்றால் என்ன செய்வது?

இதற்கு ஒரு எந்திரம் இருந்தால் நல்லது என்று, அங்கே உயர் அதிகாரியாக இருந்த டாக்டர் பில்லிங்ஸ் சொன்னார். அந்தச் சொல் ஹோலரித் மனதில் ஆழப் பதிந்தது.

ரெயில் டிக்கெட்

முதலில் நீண்ட காகிதச் சுருளில் ஓட்டை போட்டுப் பார்த்தார். ஒரு ஆளின் விவரம் வேண்டும் என்றால், சுருள் முழுவதையும் ஓட்டவேண்டி இருந்தது. அது சரிப்படவில்லை.

அப்போது ரெயிலில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. பயணியின் தலைமுடி நிறம், கண், மூக்கு ஆகிய அடையாளங்களை, டிக்கெட்டில் ஓட்டை போட்டுக் குறித்தார் கண்டக்டர்.

உடனே வழி பிறந்தது. ஆளுக்கு ஒரு அட்டை! ஆண் என்றால் ஒரு இடத்தில் ஓட்டை. பெண் என்றால் வேறு இடத்தில் ஓட்டை.

அட்டையை எந்திரத்தில் வைத்து அழுத்தினால், சிறு ஊசிகள் இறங்கும். ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் ஊசி நுழைந்து, அடியில் உள்ள பாதரசத்தைத் தொடும். மின்சாரம் பாயும். கடிகாரம் போன்ற முள் ஒரு எண் நகரும்.

போட்டியில் வெற்றி

1890-ம் ஆண்டுக் கணக்குக்காக 3 முறைகளுக்குப் போட்டி நடந்தது. விவரங்களைத் தொகுத்து எண்ண மற்ற இரண்டு முறைகளுக்கும் 44 மணிக்கும் 55 மணிக்கும் மேல் ஆயிற்று. ஹோலரித் எந்திரம் ஐந்தரை மணியில் முடித்தது!

எந்திரங்களின் உதவியால், 6 கோடியே 26 லட்சம் பேர் என்ற மொத்தக் கணக்கு அந்த ஆண்டிலேயே வெளிவந்தது.

1896-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஆனால், வாடகை அதிகம் என்று சர்க்காருடன் தகராறு ஏற்பட்டது. 1910-ம் ஆண்டுக் கணக்கை சர்க்கார் தன் சொந்த எந்திரங்களில் போட்டுக்கொண்டது. 1911-ல் ஹோலரித் கம்பெனியை விற்றுவிட்டார். வேறு கம்பெனிகளுடன் இணைந்த அதுதான், 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. 1929-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, வாஷிங்டனில் ஹோலரித் காலமானார்.

அட்டை போய் பைல் வந்தது

அட்டைகள் மறைந்துவிட்டன. இன்று கம்ப்யூட்டரில் விவரம் இருக்கும் இடத்துக்கு பைல் என்று பெயர். 1972-ம் ஆண்டு வாக்கில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில், பைலைத் திறக்கவேண்டும், படிக்கவேண்டும் அல்லது எழுதவேண்டும், பிறகு மூடவேண்டும். படிக்க மட்டும் திறந்தால், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். புதிதாக எழுதத் திறந்தாலோ, பழையது அழிந்துவிடும். பழையதும் வேண்டும் என்றால், கடைசியில் சேர்த்து எழுதத் திறக்கவேண்டும்.

ஒருமுறை எழுதிவைத்தால், எந்திரம் பலமுறை படிக்கும். இந்த வசதிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர், எழுத்துக்கூட்டலுக்குப் பயந்து ஓடிய அந்தப் பையன்!