குலுக்கலில் தேசத்தை அளந்த மஹலநோபிஸ்

கணித மேதை இராமானுஜன் கேம்ப்ரிட்ஜ் குளிரில் பட்ட சிரமம் நம் அங்கத்தினர்கள் அறிந்ததே. கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்குள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், அவற்றின் மேலேயே மேல்கோட்டும் சால்வையுமாகப் படுத்து வந்தார். கம்பளியை விலக்கிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வங்காள மாணவர். அவர்தான் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ்.

1893 ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தவர். பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம், பிறகு கேம்ப்ரிட்ஜ். 1915-இல் ஊர் திரும்பும்போது முதல் உலகப் போரால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் ஆசிரியர் ஒருவர் காட்டிய புள்ளியியல் சஞ்சிகையின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்து முடித்தாராம். பௌதிகப் பேராசிரியராகச் சம்பளம் வாங்கிக் கொண்டு, மனதைப் புள்ளியியலுக்குக் கொடுத்துவிட்டார். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது, கல்லூரியில் அவருடைய அறையில்தான்.

அவர் பிடித்துக் கொண்ட தத்துவம் நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடத்து ஓலைகளைக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். பெரியவர் கை நுழைந்தால் விருப்பு வெறுப்பும் கூடவே நுழையும் அல்லவா? சிறுவனின் இடத்தில் மஹலநோபிஸ் வைத்தது சமவாய்ப்பு எண்களின் அட்டவணை. சோழர் காலத்துச் சபையார் யோசிக்காத ஒன்றை நிகழ்தகவுக் கணிதம் சேர்த்தது. எடுப்பதற்கு முன்பே, எடுப்பது எப்படி அமையும் என்று சொல்லிவிடலாம்.

நான் வசிக்கும் ஹெப்பகோடியையே கற்பனை உதாரணமாக வைத்துக் கொள்வோம். இங்கே நூற்றுக்கு நாற்பது வீடுகள் டேங்கர் தண்ணீரை நம்பியிருக்கின்றன என்று வையுங்கள். குலுக்கல் முறையில் 400 வீடுகளை எடுத்தால் அவற்றில் எத்தனை டேங்கர் வீடுகள் இருக்கும்? எதிர்பார்ப்பு 160. அச்சாக 160 வருவது அபூர்வம். ஆனால் இப்படியே நூறு தடவை எடுத்தால், சுமார் 95 தடவை விடை 140-க்கும் 180-க்கும் இடையில்தான் விழும். இந்த வீச்சைப் பாதியாக்க வேண்டுமானால் 800 வீடுகள் போதாது, 1600 வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், ஹெப்பகோடிக்குப் பதில் பெங்களூரு முழுவதையும் எடுத்துக் கொண்டாலும் அதே 400-க்கு அதே துல்லியம்தான். பாயசத்தை நன்றாகக் கலக்கியிருந்தால், உருளியானாலும் கல்யாண அண்டாவானாலும் ருசி பார்க்க ஒரு கரண்டி போதுமே!

இதை வயலுக்குக் கொண்டு போனதுதான் அவருடைய சாதனை. அந்நாளில் விளைச்சல் மதிப்பீடு என்பது கிராமச் சிப்பந்தி வரப்பில் நின்று இத்தனை அணா விளைச்சல் என்று கண்ணால் அளந்து எழுதுவது. சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கின் லட்சணம் தெரியும். 1937 முதல் வங்காளச் சணல் சாகுபடிக்கு மஹலநோபிஸ் மாதிரி ஆய்வு நடத்தினார். நில அளவை வரைபடத்தில் குலுக்கலில் விழுந்த இடம் எதுவோ, சேறானாலும் அங்கேதான் போக வேண்டும். சாலையோர வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஒவ்வொரு வயலாக எண்ணும் முழுக் கணக்கெடுப்புக்கு ஆன செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் வேலை முடிந்தது. சணல் வியாபாரக் கணக்கோடு ஒத்துப் போனதும் இந்தச் சிறு ஆய்வுதான்.

பணியாளர்களை அவர் கண்ணை மூடிக் கொண்டு நம்பவில்லை. ஒரே பகுதிக்கு இரண்டு தனி மாதிரிகள் எடுத்து, இரண்டு குழுக்களை அனுப்புவார். இரு விடைகளும் ஓரளவு வேறுபடத்தான் வேண்டும். எவ்வளவு என்பதைக் கணிதம் சொல்லும். அதற்கு மேல் வேறுபட்டால் எங்கோ தவறு. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த யுக்திதான்.

ஆனால் குலுக்கல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அவருடைய ஆட்கள் சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்களில் கதிர் அறுத்தார்கள். விளிம்பில் நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதா, விடுவதா என்ற சந்தேகம் வரும்போது கை தானாகச் சேர்க்கவே பார்க்கும். அதனால் சிறு வட்டம் விளைச்சலை மிகைப்படுத்துகிறது என்று பி.வி. சுகாத்மே எடுத்துக் காட்டி, பெரிய செவ்வகங்களை வற்புறுத்தினார். இரு தரப்புக்கும் நெடுநாள் விவாதம் நடந்தது. சுகாத்மே சொன்னதில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. எடுப்புகளைக் கூட்டக் கூட்டத் தற்செயல் பிழை குறையும். ஒரே பக்கம் சாயும் பிழையோ ஆயிரம் எடுத்தாலும் அப்படியே நிற்கும்.

1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. அன்று முதல் நாட்டின் வறுமை, வேலை, குடும்பச் செலவுக் கணக்குகள் பெரும்பாலும் குலுக்கலில் விழுந்த வீடுகளின் பதில்களைக் கொண்டே வருகின்றன. அப்படி விழுந்த வீடு காவலாளி நிற்கும் அடுக்குமாடியில் இருந்தால், ஆய்வாளர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. பதிலாக வேறு வீட்டைச் சேர்க்கலாம். ஆனால் கதவு திறக்கும் வீடும் திறக்காத வீடும் ஒரே மாதிரியானவை அல்லவே! சுகாத்மேயின் விளிம்புப் பயிர் மாதிரிதான் இதுவும்.

1945-இல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அடிப்படை அவர் வகுத்த மாதிரியே. கனரகத் தொழிலுக்கு அளித்த அதிக முக்கியத்துவம் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. 1968-இல் பத்ம விபூஷண். 1972 ஜூன் 28-ஆம் தேதி, 79 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது காலமானார். அவருடைய பிறந்த நாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாக அனுசரிக்கப்படுகிறது. கழகத்தின் பெங்களூரு மையம் 1978-இல் ஆரம்பமாயிற்று. மைசூர் சாலையில் இருக்கிறது.