மது விலக்கிய மூதறிஞர் இராஜாஜி

இல்லறத்தாராகிய சிராவகர்க்கு ஆசாரியர் சமந்தபத்திரர் வகுத்தருளிய எட்டு மூலகுணங்களுள், ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீக்குதலும் அடங்கும். வழிவழியாக இவ்வறத்தைப் பேணிவரும் நமக்குக் கள்ளுண்ணாமை அரிதெனத் தோன்றுவதில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குடியில் ஊறிய சிற்றூர்களை அப்பழக்கத்தினின்று மீட்பது எங்ஙனம்? சேலம், நாமக்கல் சமவெளியில் அவ்வரும்பணியை மேற்கொண்டவர் மூதறிஞர் இராஜாஜி. அவர் நம் சமயத்தவர் அல்லர். எனினும் அவர் வாழ்வு நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878 டிசம்பர் 10-ஆம் நாள், அந்நாளைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டினார். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். காந்தியடிகளின் ஒத்துழையாமை அறைகூவலை ஏற்று, வளமான தம் தொழிலைத் துறந்தார். பிறரைத் தீய பழக்கத்தினின்று விலகச் சொல்லுமுன், தாம் பழகிய வசதியை அவரே விட்டொழித்தார்.

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, அங்கேயே எளிய குடிலில் வாழ்ந்தார். மழை பொய்த்த அவ்வட்டாரத்து ஏழைப் பெண்டிர்க்கு இராட்டையும் பஞ்சும் கிடைத்தன. நூற்ற நூலுக்குக் கூலியும் கிடைத்தது. தீண்டாமை ஒழிப்பும் மருத்துவ உதவியும் அவ்வாசிரமத்தின் பணிகளாயின. இவற்றோடு கள்ளின் கேட்டை எடுத்துரைத்து, ஊராரைக் குடியைக் கைவிடச் செய்யும் தொண்டும் நடைபெற்றது. மதுவிலக்குக்கென்றே 1929-இல் விமோசனம் என்னும் இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணைநின்றவர் எழுத்தாளர் கல்கி. குடியால் சிதையும் ஏழைக் குடும்பத்தின் அவலத்தை, திக்கற்ற பார்வதி என்னும் கதையாகவும் இராஜாஜி வடித்தார்.

அவர் கையாண்ட முறையைக் கூர்ந்து நோக்குவோமாக. உழைத்துக் களைத்தவன் கூலியோடு வீடு திரும்பும் வழியில் கள்ளுக்கடை இருந்தால், அவன் மனவுறுதி நாள்தோறும் சோதிக்கப்படுகிறது. ஆகவே அறிவுரையோடு நில்லாமல், கடையையே அகற்ற விரும்பினார். 1937 ஜூலையில் சென்னை மாகாண முதலமைச்சரானதும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். பின்னர் அது சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள் வருவாய் குன்றியதை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தார். குடிப்பவன் வீட்டுக் கண்ணீரால் வரும் பொருள் அரசுக்கு வேண்டாம் என்பதே அவர் கொள்கை.

ஆயினும் அவர் பதவி விலகியபின், போர்க்காலத்தில் அச்சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 1948-இல் ஓமந்தூரார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் மீண்டும் தளர்த்தப்பட்டது. அப்போது 92 அகவை நிறைந்திருந்த இராஜாஜி முதலமைச்சரை நேரிற் கண்டு அதனைக் கைவிட வேண்டினார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. 1972 டிசம்பர் 25-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் தோற்றாரா? சட்டம் வரும், போகும். கடையை அடைக்க அரசால் இயலும். நாவை அடக்க அவரவரால்தான் இயலும். தீய பழக்கம் விட்ட இடத்தை நல்ல பழக்கம் நிரப்ப வேண்டும் என்பதற்குப் புதுப்பாளையத்து இராட்டையே சான்று. இம்மூன்றையும் அவர் வாழ்வு உணர்த்துகிறது. நம் முன்னோர் இதனையே விரதம் என்றனர். விரதம் தன் விருப்பால் ஏற்பது. ஆதலின் எவ்வரசாலும் அதனை நீக்க இயலாது.

இன்று நம் பிள்ளைகள் கல்விக்கும் பணிக்கும் தொலைநகரங்களில் தனித்து வாழ்கின்றனர். நண்பர் வட்டத்தில் முதற்கோப்பையை மறுக்கும் துணிவு அவர்க்கு வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது போதாது. இளமையிலேயே ஒரு சிறுவிரதத்தைத் தாமே மனமுவந்து ஏற்கச் செய்வோம். ஜினாலய வழிபாடும், இரவுணவு தவிர்த்தலும், நாள்தோறும் சிறிது நூலோதலும் நம் இல்லங்களில் நிலைக்கட்டும். நற்பழக்கம் நிறைந்த நெஞ்சில் தீப்பழக்கத்திற்கு இடமேது?