வழக்குமன்றத்திலும் வழிபாட்டிலும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை



யூபிலி மலருக்குப் பங்குக் குருவின் வாழ்த்துரை மட்டும் போதாது, ஒரு கட்டுரையும் வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நானும் அதிகம் யோசிக்கவில்லை. கடந்த ஆண்டு வீடு சந்திப்பின்போது நம் பங்கைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

குடும்ப செபம் உண்டா என்று வழக்கம்போல் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தாம் காலை ஏழு மணிக்கு வீடு வருவதாகவும், அந்த நேரத்தில்தான் மனைவி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதாகவும், பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நால்வரும் ஒன்றாக முழந்தாளிட ஞாயிறு ஒன்றே உண்டு, அதுவும் ஓ.டி. வந்தால் போயிற்று என்றார். குருமார் போடும் கணக்குக்கு எங்கள் கடிகாரம் ஒத்து வருமா சாமி என்று அமைதியாகக் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்து, வீட்டை மந்திரித்துவிட்டு வந்தேன். மனம் இருந்தால் நேரம் தானாக வரும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்தவன் நான். அன்று இரவு அந்த வாக்கியம் எனக்கே சப்பென்று இருந்தது.

இந்த மனநிலையில்தான் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். தமிழில் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லாரும் படித்திருப்போம். அவர் நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெயர் ஒற்றுமையால், தஞ்சையில் வாழ்ந்த சீர்திருத்த சபைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரோடு இவரைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. இவர் வேறு, அவர் வேறு. சாஸ்திரியார் அரை நூற்றாண்டு மூத்தவர்.

வேதநாயகம் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகப் பிறந்தார். முதலில் தந்தையிடம் பாடம் கற்றார். பின்பு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகப் பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்றார். ஆசிரியரின் தொழிலே மாணவரையும் பற்றிக்கொண்டது போலும். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் வேலையில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் சீர்காழி. அதன்பின் மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை. அங்கே மட்டும் 13 ஆண்டுகள். ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

முன்சீப் வேலை என்றால் என்ன என்பதை நம் இளைஞர்கள் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். உரிமை வழக்குகள் முதலில் வந்து நிற்கும் இடம் அது. நிலத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை, வரப்புச் சண்டை என்று காவிரிப் பாசன நாட்டில் வழக்குகளுக்குக் குறைவே இல்லை. சாட்சி சொல்பவர்களில் யார் மெய் சொல்கிறார், யார் காசுக்குச் சொல்கிறார் என்று பிரித்தறிய வேண்டும். எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். தீர்ப்பு சொன்னபின் தோற்றவன் ஏசுவான், வென்றவன் மறந்துபோவான். தட்டச்சு இல்லை, மின்விளக்கு இல்லை. வேலை நேரம் முடிந்தாலும் வேலை வீட்டுக்குக் கூடவே வரும். இதை நம்மில் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

இந்த வேலைக்கு நடுவில் அவர் எழுதியவற்றைப் பாருங்கள். முன்சீப் ஆன இரண்டொரு ஆண்டுகளுக்குள் நீதிநூல் வெளிவந்தது. கடவுளைப் பற்றிய அதிகாரங்களோடு தொடங்கும் அந்த நூலில் பொய், களவு இவற்றோடு கைக்கூலிக்கும், அதாவது லஞ்சத்துக்கும், இடம் உண்டு. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நீதிபதி, தன் முன்னே தினமும் வரக்கூடிய சோதனையைப் பற்றியே செய்யுள் எழுதுகிறார். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். ஆங்கிலம் தெரியாத ஏழை தன் வழக்கின் சட்டத்தைத் தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன நோக்கம் இருந்திருக்க முடியும்? 1869-இல் பெண்மதி மாலை. மாயூரத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியும் தொடங்கினார்.

இவற்றை வெறும் இலக்கியத் தொண்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் கோயில், பகலில் கச்சேரி என்று அவர் வாழ்வை இரண்டு துண்டாக வெட்டிக்கொள்ளவில்லை. ஆண்டவர் முன் நிற்கும்போது எந்த மனச்சான்றோடு நிற்கிறாரோ, அதே மனச்சான்றோடு வழக்குக் கட்டையும் பிரித்தார். அந்தத் தொழிலாளிக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். நானோ மணிக்கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதைச் சொல்லி, தனியாக செபமே வேண்டாம், வேலையே செபம் என்று ஒருவரும் கிளம்பிவிட வேண்டாம்! வேதநாயகர் அப்படிச் செய்யவில்லை. தேவமாதா அந்தாதி, திருவருள் அந்தாதி, திருவருள் மாலை, தேவ தோத்திர மாலை, பெரியநாயகி அம்மாள் பதிகம் என்று நம் விசுவாசத்தைப் பாடும் நூல்களை வரிசையாகச் செய்திருக்கிறார். இவற்றுள் பல, அவர் அலுவலை விட்ட சிறிது காலத்துக்குள் அச்சேறின. செய்யுள் ஒரே இரவில் விளைவதில்லை. வழக்குகளுக்கும் வழக்குகளுக்கும் நடுவே நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்தவையாகவே இவற்றை நான் எண்ணுகிறேன்.

அந்தாதி என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லோ அசையோ அடுத்த பாட்டின் முதலாக வரும். ஒன்றைச் சொல்லி முடித்தால் அடுத்தது தானாக நாவில் வந்து நிற்கும். புத்தகம் வேண்டாம், விளக்கு வேண்டாம், மேசை வேண்டாம். வண்டியில் போகும்போதும் சொல்லலாம், குளத்தில் குளிக்கும்போதும் சொல்லலாம். பாதியில் யாராவது கூப்பிட்டால் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் செபமாலையும் இப்படிப்பட்டதே. மணியை விரல் பிடித்துக்கொள்ளும், மனம் விட்ட இடத்தை விரல் நினைவில் வைத்திருக்கும். ஓய்வு நிறைய உள்ளவனுக்காக ஏற்பட்ட பக்தி முறைகள் அல்ல இவை. இடையிடையே அழைக்கப்படுகிறவனுக்காக ஏற்பட்டவை. மாதாவைப் பாட முன்சீப் அந்தாதியைத் தேர்ந்தெடுத்தது புலமை காட்ட மட்டும் அல்ல என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. அவருக்கு வாழ்க்கை அமைதியாக ஓடவில்லை. மணந்த மனைவியரை ஒருவர் பின் ஒருவராக இழந்தார். இளம் வயதில் நான் இந்தச் செய்தியை ஒரு வரியாகப் படித்துக் கடந்துபோனேன். அடக்கச் சடங்குகள் பல நடத்தியபின் இப்போது அப்படிக் கடக்க முடியவில்லை. வீட்டில் சாவு நடந்த மறு வாரம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து, அடுத்தவன் வீட்டு வரப்புச் சண்டையைப் பொறுமையாகக் கேட்பது எளிதா? நேரம் இல்லாததைவிட மனம் இல்லாதது பெரிய தடை. அப்படிப்பட்ட நாட்களைக் கண்டவர்தான் தோத்திர மாலை பாடினார்.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்சீப் பெரிய மனிதர். அவர் வீட்டில் அடுப்பை அவர் ஊதவில்லை. காலை நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து, டிபன் கட்டி, பிள்ளைக்குத் தலை வாரி, கும்மிடிப்பூண்டிக்கோ திருப்பெரும்புதூருக்கோ பஸ் ஏறும் நம் பங்குப் பெண்களிடம், வேதநாயகரைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெண் கல்விக்காக அவ்வளவு எழுதிய அவரே அதை ஏற்கமாட்டார். ஆண்களைப் பார்த்துச் சொல்கிறேன்: மனைவி செபிக்க நேரம் வேண்டுமானால், அந்தப் பதினைந்து நிமிடம் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். அதுவும் குடும்ப செபத்தில் சேர்ந்ததே.

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நம் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் பெரும்பாலும் வேறு சமயத்தவர். அவர் முன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிறோம். அல்லது அதற்கு மாறாகத் தேவையில்லாத வாதத்தில் இறங்குகிறோம். வேதநாயகர் இரண்டும் செய்யவில்லை. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர். இந்தக் கத்தோலிக்க முன்சீப்பைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை என்றொரு நூலே பாடியிருக்கிறார். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகரோடும் நெருங்கிய நட்பு. எல்லாச் சமயத்தாரும் ஒன்றாகப் பாடக்கூடிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை 1878-இல் வெளியிட்டார். அவற்றில் சில கச்சேரி மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன. இதனால் அவருடைய விசுவாசம் நீர்த்துப்போகவில்லை. அதே மனிதர்தானே தேவமாதாவுக்கு அந்தாதியும் பாடினார்! தன் வேர் எங்கே இருக்கிறது என்று அறிந்தவன் பிறர் நிழலில் உட்காரவும் அஞ்சுவதில்லை.

1872-இல், உடல்நலக் குறைவோடு மேலிடத்துக் கசப்பும் சேர்ந்து, வேலையை விட்டார். ஓய்வு பெற்றால் கோயிலே கதி என்று இருப்பேன் என நம்மில் சொல்பவர்கள் பலர். ஓய்வு பெற்றபின் அவர்களைத் தொலைக்காட்சி முன்புதான் நான் பார்க்கிறேன். வேதநாயகருக்கோ ஓய்வு கிடைக்கவே இல்லை. மாயூரம் நகராட்சித் தலைமை வந்து சேர்ந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தம் பொருளை அள்ளிக் கொடுத்து, பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைக் கண்டு உருகி அவர்மேல் ஒரு கீர்த்தனை இயற்றினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்தவர் ஒருவரைப் பாடுகிறார் என்றால், கஞ்சித் தொட்டியின் முன் அவர் எதைக் கண்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நாம் தபசுகாலத்தில் உண்டியலில் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சில் வந்தது. 1887-இல் சுகுண சுந்தரி வந்தது. 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், 62-ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

மீண்டும் அந்தத் தொழிலாளியின் கேள்விக்கு வருகிறேன். வேதநாயகரின் நூல்களை மூடி வைத்தபின், கோயில் அறிவிப்புப் பலகையை ஒரு முறை போய்ப் பார்த்தேன். செபமாலை மாலை 6 மணிக்கு, ஆராதனை 7 மணிக்கு, நவநாள் 6.30-க்கு என்று எல்லாம் மாலையில் வீட்டில் இருப்பவர்களுக்காகவே இருந்தன. மதியம் 2 மணிக்கோ இரவு 10 மணிக்கோ ஷிப்ட் முடிந்து வருபவர் கோயிலைப் பூட்டியே பார்த்திருக்கிறார். பலகையை எழுதியவன் நான்தான்.

சென்ற தபசுகாலம் தொடங்கி, வடபுறக் கதவு காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை திறந்திருக்கிறது. திவ்விய நற்கருணைப் பேழைக்கு அருகில் ஒரு சிறிய விளக்கும் நாலைந்து செபமாலைகளும் வைத்திருக்கிறோம். பகல் ஷிப்ட் விட்டு இரண்டரை மணிக்குச் சிலர் வருகிறார்கள். சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து போகிறார்கள். எண்ணெய்க் கறை படிந்த யூனிபார்மோடு வரத் தயங்க வேண்டாம். பெஞ்சைத் துடைத்துக்கொள்ளலாம். கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், தோளால் தள்ளித் திறக்கவும்.